மீதித் துண்டை யாருக்குக் கொடுத்தாய்?

மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசாங்க மாத்திரை கொடுப்பது என் வேலை. கண்டமங்கலம் ஒன்றியத்தில் எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும் என் பொறுப்பு. மாத்திரை கொடுக்க ஒரு நிமிஷம் போதும். கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் பொழுது போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி எப்போதும் இருக்குமா? சாயங்காலம் போனால் டாக்டர் இருப்பாரா? நூற்றியெட்டுக்குப் போன் போட்டால் டீசலுக்குக் காசு கேட்பார்களா? ஆதாரில் பெயர் தப்பாக இருந்தால் பிரசவம் பார்ப்பார்களா? பிரைவேட்டில் எழுதிக் கொடுக்கும் மாத்திரையும் இதுவும் ஒன்றுதானா, இல்லை இதில் மருந்து கம்மியா? எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

அந்தப் பொறுமை ஒரே ஒரு வாசலில் மட்டும் செத்துப்போகும். அது தெய்வசிகாமணி மாமா வீடு. உறவில் மாமா இல்லை. எங்கள் தெருவில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே எனக்கு மாமாதான்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஒடிசலான உடம்பு. மனைவி குயிலாப்பாளையத்தில் மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். மகள் ஆரோவில்லில் வேலை செய்கிறாள். மாமா மட்டும் இங்கே தனியாகப் பொங்கித் தின்கிறார். இருபத்தாறு வருஷம் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவர். என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனி" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்.

இந்த உலகத்தில் எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பார், அது சரி. கோயிலில் கொடுக்கும் குங்குமப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்ப்பார். போர்டில் கொட்டை எழுத்தில் புதுச்சேரி என்று இருந்தாலும், கண்டக்டரிடம் ஒருதரம் டிரைவரிடம் ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவருக்குப் பிரஷர் மட்டும்தான், சர்க்கரை இல்லை என்று டெஸ்டில் வந்தது. அந்த நல்ல செய்தியையும் நம்பாமல், இன்னொரு விரலை நீட்டி மறுபடியும் குத்திப் பார்க்கச் சொன்னார்.

என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துத் தொடங்குவார்.

"இத எங்க பேக் பண்ணாங்கோ?"

"தெரியாது மாமா."

"போன மாசம் வேற கம்பெனி அட்டை. இன்னாத்துக்கு மாத்திக்கினே கீறாங்கோ?"

"டெண்டர் மாறும் மாமா. மருந்து அதேதான்."

"அதேதான்னு நீ பாத்தியா?"

எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. இப்படித் துருவுகிற ஆள் சும்மா துருவமாட்டார், எங்கேயோ மனு எழுதிக்கொண்டிருக்கிறார், என் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் ஏதாவது காகிதம் தெரிந்தால் என் கண் அங்கேயே நிற்கும்.

அவர் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி வெள்ளையம்மாள் அத்தை இருக்கிறார். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நான் போய் நின்றதும் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஒரு சொம்பு மோர் கொடுப்பார். "நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்பார். ஊரில் எல்லாரும் இந்த அத்தை மாதிரி இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

எங்களுக்கு வரும் அட்டையில் பதினான்கு மாத்திரை இருக்கும். ஒருவருக்கு மாதத்துக்கு முப்பது கொடுக்கவேண்டும். அதனால் இரண்டு முழு அட்டை கொடுத்து, மூன்றாவது அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைத் துண்டாகக் கத்தரித்துக் கொடுப்பேன். துண்டில் மருந்தின் பெயர் இருக்காது, தேதி இருக்காது. வாசல் வாசலாக நின்று கத்தரித்தால் நேரமாகிறது என்று முந்தின சாயங்காலமே வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு கத்தரித்து, பிரஷர் துண்டுகளை ஒரு டப்பாவிலும் சர்க்கரைத் துண்டுகளை இன்னொரு டப்பாவிலும் போட்டுவைப்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். எங்கள் ஊர் ஆட்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு: துண்டு தொலைந்துபோகும் என்று அதைத்தான் முதலில் தீர்ப்பார்கள்.

அன்று எங்கள் தெருவில் மட்டும் சுற்று. பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர், மாமாவும் அத்தையும். மாமா துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"முழு அட்டையில கீற மாத்திரைல நடுவுல கோடு கீது. இதுல இல்லியே."

இரண்டுமே சின்ன வெள்ளை மாத்திரை. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "அது வேற கம்பெனியா இருக்கும் மாமா" என்றேன்.

"அப்டின்னா பேரு போட்ட பக்கத்த காட்டு."

"கத்தரிச்சாச்சி. அதுக்கு நான் எங்க போவேன்?"

"பேரு இல்லாதத எப்டி வாயில போடறது?"

வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. "போட்டா போடுங்க, போடாட்டி தூக்கிக் கடாசுங்க. மாசாமாசம் உங்களோட பேஜாரா பூடுச்சி" என்று கத்திவிட்டு நடந்தேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது தப்புதான். ஆனால் அப்போது எனக்கு நன்றாக இருந்தது.

வெள்ளையம்மாள் அத்தைக்குப் பிரஷர் மாத்திரை காலையில் இரண்டு. அவருக்கு நான்கு அட்டையும் அதே டப்பாவிலிருந்து இரண்டு துண்டும் கொடுத்தேன். என்றுமே கேள்வி கேட்காதவர் அன்று ஒன்று கேட்டார்.

"நாளைக்கு பௌர்ணமி. திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போறேன் கண்ணு. அம்மாவ பாக்கறவரைக்கும் பல்லுல தண்ணி படாது. மாத்திரை போடலாமா?"

"சர்க்கரை மாத்திரைய போடாதீங்க அத்தே. வெறும் வயித்துல போட்டா மயக்கம் வந்துடும். பிரஷர் மாத்திரைய மட்டும் ஒரு வாய் தண்ணியில போட்டுக்கினு போங்க."

அந்தப் பதிலில் ஒரு குற்றமும் இல்லை. எந்த டாக்டரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

மறுநாள் காலை எட்டரை இருக்கும். என் வீட்டு வாசலில் மாமா நின்றார். சட்டை முழுக்க வேர்வை. என் கண் முதலில் அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. யாரையாவது சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாரா, யாராவது போனில் படம் பிடிக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"நேத்து சாயங்காலம் கண்டமங்கலத்துல மெடிக்கல்ல காட்டினேன். சர்க்கரை மாத்திரைன்னான். நான் அவன நம்பல. இன்னிக்கு விடிஞ்சதும் இன்னொரு கடை தொறக்கறவரைக்கும் நின்னு காட்டினேன். அவனும் அதயேதான் சொல்றான். அதே மாத்திரைய எடுத்து பக்கத்துல வச்சே காட்டிட்டான்."

"மாமா, காலங்காத்தால சண்டைக்கு..."

"சண்டைக்கு வரல செந்தாமரே. மீதித் துண்ட யாருக்குக் குடுத்த? அத சொல்லு மொதல்ல."

டி.வி. முன்னால் உட்கார்ந்து கத்தரித்தபோது சர்க்கரைத் துண்டுகள் பிரஷர் டப்பாவில் மாறி விழுந்திருக்கின்றன. சர்க்கரை மாத்திரை வேண்டாம், பிரஷர் மாத்திரை மட்டும் போடுங்கள் என்று நானே வாயால் சொல்லி, அந்த விரத வயிற்றுக்கு இரண்டு சர்க்கரை மாத்திரையை அனுப்பியிருக்கிறேன்.

"வெள்ளையம்மா அத்தே" என்றேன்.

"ஜல்தி வண்டிய எடு."

அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. மாமா பின்னால் உட்கார, ஸ்கூட்டியை மெயின் ரோட்டுக்கு விரட்டினேன். பஸ் ஏறிப் போயிருந்தால் என்ன செய்வது, வழியில் எங்கேயாவது விழுந்திருந்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் பத்துப் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். கற்பூர வாசனை வந்தது.

நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தார். உடம்பு நனைந்திருந்தது. கை வெடவெட என்று நடுங்கியது. கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வாய் ஏதேதோ குழறியது. நெற்றி கொள்ளாமல் குங்குமம் அப்பியிருந்தார்கள், மடியில் வேப்பிலை. பவுனு, ஸ்டாப்பில் பூ விற்கிறவள், என்னைக் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதடி. பௌர்ணமியும் அதுவுமா அம்மா எறங்கி வந்துக்கீறா. இன்னா வாக்கு சொல்றான்னு கேளு."

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்த நானே ஒரு நொடி கையைக் கும்பிட்டபடி நின்றுவிட்டேன். மாமா நிற்கவில்லை. உள்ளே நுழைந்து அத்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சாமி வந்தா எழுந்து ஆடுவாங்கோ. இவங்க சரிஞ்சிக்கினு கீறாங்கோ. ஒடம்பு ஜில்லுனு கீது, தொட்டுப் பாருங்கோ! எதையுமே கேக்கமாட்டீங்களா நீங்க?"

கத்திக்கொண்டே எதிர் டீக்கடைக்கு ஓடி, ஒரு டம்ளரில் சர்க்கரையை அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார். அதை வாங்கிய என் மணிக்கட்டைப் பவுனு பிடித்தாள். "வெரதத்த கெடுக்காத. ஒன் குடும்பத்துக்கு ஆவாது."

"எனக்கு வரட்டும் அந்தப் பாவம், உடு!" என்று உதறினேன். அத்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. ஒரு வாய், இன்னொரு வாய். மாமா நூற்றியெட்டுக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று சொன்னவளிடமே "நெசமா வருதா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் எனக்குப் பத்து வருஷமாகப் போனது. அத்தை கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸு வந்துடுச்சா கண்ணு?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஆம்புலன்ஸில் வந்தவரிடம் எந்த மாத்திரை, எத்தனை, யார் தப்பு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க இருக்கும், ரத்தத்தில் சர்க்கரை திரும்பவும் இறங்கலாம் என்று விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். நடந்ததை நான் என் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒரு சொல் கூட்டவும் இல்லை, எனக்காக ஒரு சொல் குறைக்கவும் இல்லை. கண்டித்து எழுதி வாங்கிக்கொண்டு, இனி துண்டு கூடாது, அட்டையை முழுதாகத்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள்.

அத்தையை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நானும் மாமாவும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அத்தையிடம் நான் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். அவர் என் கன்னத்தைத் தடவி, "அம்மாதான் ஒன்ன அனுப்பிச்சா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வளவனூர் தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"ஒரு உசுர கொன்னுருப்பேன் மாமா. இதோட எப்டி நான் இருக்கப் போறேன்?"

அவர், நான் கேட்காமலே, அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். மருந்து கம்பெனி. அவருக்கு வேலை பேக்கிங்கில், மாத்திரையை அட்டையில் அடைக்கும் மிஷினில்.

"ஒரு நாளு மிஷினுல பழைய மாத்திரை மிச்சம் கெடந்துது. தொடைக்காம அடுத்தத கொட்டிட்டாங்கோ. ரெண்டும் வெள்ளை. கலந்து அட்டையாயி வருது. நான் பாத்துட்டேன். சூப்பர்வைசராண்ட சொன்னேன். லோடு கெளம்பற நேரம், வாய மூடிக்கினு வேலைய பாருன்னான். பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்த நேரம். மூடிக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. லாரி போயிடுச்சி."

கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். மாமா எழுந்திருக்கவில்லை. எந்த ஊர் என்று கண்டக்டரிடம் கேட்கவும் இல்லை. நான் அவர் கையைத் தொட்டு எழுப்பினேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஓடறதுக்கு ஒரு வீடு இருந்துச்சி செந்தாமரே. எனக்கு எந்த வீடுன்னு தெரியலியே."