கரையில் நின்ற தாய்மாமன்

எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. 2009இல் பாரிசுக்கு வந்து, மார்க்ஸ் டோர்மோயில் நான்கு பேர் படுக்கும் அறை ஒன்றில் ஒண்டிக்கொண்டேன். உணவகத்தில் கோப்பை கழுவினேன், கால் ஓரிடத்தில் நில்லாமல் விட்டேன். சுற்றுலாப் படகொன்றைக் கூட்டித் துடைக்கப் போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். படகு நகர்கிறதே, அது போதும் என்றிருந்தது. கயிறு கட்டும் வேலையில் தொடங்கி, பரீட்சை எழுதி, படகோட்டும் பத்திரம் எடுக்க ஆறு வருடம் போனது. பாலத்துக்கும் பாலத்துக்கும் இடையில் கதை எழுதினேன் என்று பிறகு பலரிடம் அளந்துவிட்டிருக்கிறேன். உண்மையில் அங்கே மூக்கைச் சொறியவும் நேரம் கிடைக்காது.

பத்திரம் கைக்கு வந்தும் முதலாளி சுக்கானைத் தரவில்லை. உனக்கு அவசரம் கூட என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் இன்னொருவன் ஓட்ட நான் கயிறு பிடித்துக்கொண்டு, புறப்பட்ட துறைக்கே ஒரு நாளில் ஏழு தரம் திரும்பி வருவது என்னை விசராக்கிவிடும் போலிருந்தது. சரக்குப் படகுகள் கடல் பக்கம் போவதைக் கண்டால் வயிறெரியும்.

வழி திறந்துவிட்டவர் அந்த அறையில் என்னோடு இருந்த அண்ணை. அப்போது அவர் கலியாணம் கட்டி, நகருக்கு வெளியே கூசேன்வில்லுக்குப் போய்விட்டார், விமான நிலையத்தில் வேலை. அவருடைய தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு. தண்ணீர் வார்ப்பதை வீட்டில் வைத்துவிட்டு, கொண்டாட்டத்தை ஆற்றில் வைக்க வேண்டும் என்று பெண் வீட்டாருக்கு ஆசை. “உன்ர படகிலையே செய்வம் தம்பி, நீயே ஓட்டு” என்றார் அண்ணை. முதலாளியும் சம்மதித்தார். நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தால், திங்கட்கிழமையிலிருந்து சுக்கான் எனக்கு.

தீவுகளுக்கிடையில் ஆறு ஒடுங்கும் இடத்தில் மேலே போகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம், கீழே வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறைக்கு மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும். எங்கள் சனத்தின் நேரம் எனக்குத் தெரியாதா? பெண்ணின் தகப்பனிடம் இரண்டு மணி என்றேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், அழைப்பிதழில் ஒரு மணி என்று அடித்துவிட்டார். அண்ணை மட்டும் தனியாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

“எனக்கு மறைக்காதை. உண்மையா எத்தினை மணிக்கு?”

“மூண்டு மணிக்கு, அண்ணை. உங்களுக்கு மட்டும் சொல்லுறன்.”

அன்றைக்கு அதிசயம் நடந்தது. இரண்டரைக்கே எல்லாரும் படகில். சீலைச் சரசரப்பு, பலகாரத் தட்டுகள், மேடையில் பெண்ணை இருத்தச் சோடித்த மணவறை. வராத ஒரே ஆள் அண்ணைதான். உண்மையான நேரம் தெரிந்தவன் ஆறுதலாக, அவசரமில்லாமல்தானே வெளிக்கிடுவான்! அவரோ தாய்மாமன். பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவந்து மணவறையில் இருத்த வேண்டியவர்.

மூன்று மணி. பெண்ணின் தாய் சுக்கான் அறைக் கதவடியில் வந்து நின்றாள். “ஸ்ரேசனால வெளிய வந்திட்டாராம். அஞ்சு நிமிசம், தம்பி.” அன்று எனக்கு உதவியாளாகக் கயிற்றடியில் நின்ற அல்ஜீரியக்காரர் கரையைக் காட்டினார். கோட்டும் சூட்டுமாய் ஒருவர், கையில் சீலைத் தட்டோடு படியிறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். நிற்போமா என்று அல்ஜீரியக்காரர் கண்ணால் கேட்டார்.

நின்றிருக்கலாம். முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை மற்றப் பக்கம் சுற்றிவிட்டு வரலாம், அந்த வழி எனக்குத் தெரியும். முதலாளி முகத்தை நீட்டியிருப்பார், இன்னொரு வருடம் கயிறு பிடிக்க விட்டிருப்பார். அந்த ஒரு வருடத்தைப் பொறுக்க எனக்கு ஏலாது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அண்ணை தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். நான் முன்னால் பார்த்தபடி ஓட்டினேன்.

இரவு அவரே தொலைபேசி எடுத்தார். “ரயில் பிந்திப்போச்சு. உன்னில பிழையில்லை” என்றார். திங்கட்கிழமை சுக்கான் கிடைத்தது. நான்கு வருடம் ஓட்டினேன், பிறகு அதையும் விட்டேன்.

நடுவில் அதை ஒரு கதையாக எழுதினேன். கதையில் படகு பின்னால் வந்து கரையைத் தொடுகிறது, மாமன் ஏறுகிறார், படகோட்டிக்கு வேலை போகிறது. எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் தேத்தண்ணி குடிக்கப் போனால், அந்தப் படகோட்டி நான்தான் என்று நம்பி முன்பின் தெரியாதவர்கள்கூடக் கை கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் கை நீட்டினேன்.

போன வருடம் அங்கேயே ஒரு மரக்கறிக் கடையில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். வளர்ந்துவிட்டாள், ஏதோ கந்தோரில் வேலையாம். பிரெஞ்சில்தான் தொடங்கினாள், பிறகு என்ன நினைத்தாளோ, தமிழுக்கு மாறினாள்.

“உங்கட கதையை மாமா வாசிச்சவர். இப்ப ஆர் கேட்டாலும் படகு நிண்டது எண்டுதான் சொல்லுறார். நானும் மறுத்துச் சொல்லுறேல்ல.” முருங்கைக்காய்க் கட்டைப் பைக்குள் வைத்தாள். “ஆனா நான் தனியத்தானே நடந்து போய் மணவறையில இருந்தனான்.”

கோபமாகச் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அண்ணையோடு கதைக்கத் துணிவில்லை. நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கிறவர், இதையும் வாசிப்பார். அண்ணை, இனி எனக்காக அப்படிச் சொல்லாதேங்கோ. நான் உங்களைக் கண்டேன். கண்டுதான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.