மணி அடித்தால் எடுக்கக் கூடாது

நேற்று பேங்க் ஆப்பில் நுழையப் போனேன். பெயரைக் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, அதிலும் நம்பிக்கை வராமல் செல்லுக்கு ஆறு நம்பர் அனுப்பி நீதானா என்றது. மகளுக்கு எரிச்சல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விசாரணையெல்லாம் தொண்ணூறுகளிலேயே ஏற்காட்டில் நான் நடத்தியதுதான்.

எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பக்கத்து அறையில் காப்பி மூட்டைகள். அந்தப் புளித்த வாசம் கீபோர்டு வரை ஏறியிருக்கும். இப்போதும் காப்பிப் பழம் உலரும் வாசம் வந்தால் எனக்கு மோடம் ஞாபகம்தான் வரும். என்ன ஜென்மமோ.

எஸ்டேட்டின் வாழவந்தி டிவிஷனில் பெரியண்ணன் என்று கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் இருந்தார். அங்கிருந்தே மோடம் வைத்துப் போன் லைனில் எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து அன்றைய பறிப்பு விவரத்தை அவர் ஏற்ற வேண்டும். நடக்காவிட்டால் டிவிஷன் ஆபீஸை மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆபீஸ் போனால் ஒட்டியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். அவர் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு நடுவில் எங்கே போவார்கள்?

மேனேஜருக்குச் சந்தேகப் புத்தி. "பாஸ்வேர்டு எவன் காதுல வேணாலும் விழும்பா. போன் எங்கிருந்து வருதுன்னு தெரியோணும்" என்றார். அதனால் கால்பேக் வைத்தேன். ரைட்டர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் எங்கள் கம்ப்யூட்டர் லைனை வெட்டிவிடும். பிறகு தானே வாழவந்தி நம்பரைக் கூப்பிடும். அங்கே மோடம் எடுத்தால்தான் உள்ளே விடும். என்மேல் எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், வயரை மாற்றினேன், மழையைத் திட்டினேன். மேனேஜர் சோதிப்பதற்கு முந்தின நாள், தொல்லை என்று அடைத்து வைத்திருந்த மோடம் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன். திருப்பிக் கூப்பிட்டது, மணி அடித்தது, உடனே ஒரு பெண்குரல். "ஏனுங்க, யாருங்க பேசறது? அங்க மழைங்களா? நொம்ப இரையுது, ஒன்னுங் கேக்கலீங்க."

ரைட்டரின் சம்சாரம்! குவார்ட்டர்ஸில் அதே லைனுக்கு இன்னொரு போன் இருந்தது. மலையில் போன் அபூர்வம், அடித்தால் யாருக்கோ அவசரம் என்று அர்த்தம். மோடத்துக்கு முன்னால் ஓடிவந்து எடுத்துவிடுவார். மணி அடித்தால் எடுக்க வேண்டாம் என்று நேரில் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

"கூப்பிடறவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கறது மருவாதைங்களா தம்பி?" என்றார், அரை மனசாக.

மறுநாள் இரண்டாவது முறை மணி அடித்ததுமே மோடம் எடுத்தது. விவரமெல்லாம் வந்து விழுந்தது. "சரி, ரைட்டர் அங்கயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர். சந்தோஷத்தைச் சொல்ல நானே வாழவந்திக்குப் போன் போட்டேன். வேலை முடிந்து மோடத்தை அணைத்திருப்பார்கள் போல, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ரைட்டர், சம்சாரம், பெண் மூன்று பேரும் காப்பி காயப்போடும் களத்தில் நின்றிருந்தார்கள். "இவரு எடுக்கப் போனாருங்க, நாந்தான் உடல. ஊட்டுக்குள்ள இருந்தா கை சும்மா இருக்காதுன்னு வெளிய வந்துட்டோம்" என்றார் அந்தம்மா.

"இனி ஊடு உங்களுதுதானுங்க" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைக்கும்போது உள்ளே போன் அடித்தது. யாரும் அசையவில்லை, மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எடுங்க" என்றேன். ஒரே ஓட்டமாக ஓடினார்.

அந்தப் பெண் அந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதிப் பாஸானாள். இன்று அந்த லைனும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. யார் என்று தெரியாத ஒருவருக்காக அப்படி ஓடிய ஆளையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.