தையல்காரிக்கு ஒரு வெள்ளைக் கோப்பை

பஸ் ஓட்டிய காலத்திலேயே டிரைவருக்கு வீட்டில் அவசரக்குடுக்கை என்றுதான் பெயர். வைத்தவள் அவருடைய மனைவி. வாயில் போட்டது தொண்டைக்குள் இறங்குவதற்கு முன் செருப்பை மாட்டுகிற மனிதரை வேறு என்னவென்று சொல்வது? ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நிதானம் வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போய்விடும். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தார் என்றால் பழைய டிப்போக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "மண்ணுக்கு ஹாரன் அடிச்சா வழி விடாதுண்ணே" என்றார் அவரோடு ஓடிய கண்டக்டர்.

ஆசைப்பட்டு ஒன்றும் அவர் சேரவில்லை. மனைவிக்காகச் சேர்ந்தார்.

அவள் தையல்காரி. மாடியில் இரண்டே அறை கொண்ட வீட்டில், ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவின் கிழிசலையெல்லாம் தைத்தவள். வெள்ளை என்று பொதுவாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எந்த வெள்ளை? பால் வெள்ளையா, நீலம் போட்ட வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா? வெள்ளைச் சட்டைக்குத் தப்பான வெள்ளை நூலைப் போட்டால் ஊரே பார்த்துச் சிரிக்கும் என்பாள். அந்தக் கண்ணில்தான் நோய் விழுந்தது. உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதைக் கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கலாம், அவ்வளவுதான்" என்றுவிட்டார் கண் டாக்டர்.

மெஷினை உறை போட்டு மூடிய அன்றுகூட அவள் அழவில்லை. டீ ஊற்றும்போது கையைச் சுட்டுக்கொண்டாளே, அன்றுதான் அழுதாள். இருவருக்கும் பால் விடாத கறுப்பு டீதான் வழக்கம். டம்ளரில் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டே போய்விட்டாள். "ஒரு டீகூட ஊத்திக்க முடியலைன்னா நான் எதுக்குங்க இருக்கேன்?" என்றாள். டிரைவர் கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து டீ ஊற்றுவது அவர் வேலையாயிற்று. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பாத்திரம் உள்ளே வெள்ளையாக இருந்தால் கறுப்பு டீ ஏறுவது தெரியும் என்று டாக்டர் யோசனை சொன்னார். கடையில் வெள்ளைக் கோப்பைக்கா பஞ்சம்? வாங்கினார். ஆனால் ஊசி பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் முட்டுக்கு முட்டு வீங்கியிருந்தன. ஒற்றை விரல் நுழைகிற காதைப் பிடிக்க முடியாமல் எல்லாவற்றையும் கீழே போட்டாள். பிளாஸ்டிக்கில் குடிப்பதற்குக் குடிக்காமலே கிடக்கலாம் என்றாள். நாலு விரலும் நுழைகிற காது, அகன்ற அடி, உள்ளே நல்ல வெள்ளை. இப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. "நானே செஞ்சு தரேன்" என்று டிரைவர் வாயை விட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குப் புதிதா என்ன?

வகுப்பு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. மாணவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பெண்கள், அவர்களுக்கு இவர் டிரைவர் மாமா. டீச்சருக்கே அவர் மகள் வயதுதான் இருக்கும். மண்ணைப் பிசைவதும் வனைவதும் அவருக்குச் சீக்கிரம் கைவந்தன. பஸ் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை அல்லவா? தலையால் தண்ணீர் குடிக்க வைத்தது கிளேஸ்தான். சுட்ட மண்ணின் மேல் பூசி மறுபடி சூளையில் வைத்தால் கண்ணாடியாக உருகி ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பூச்சு. அங்கே இருந்தது செம்மண். அந்தச் செங்கல் நிறத்தை மறைத்து வெள்ளையாக்க வேண்டும்.

"முதல்ல சின்ன வில்லையில பூசிப் பாருங்க மாமா. கோப்பையெல்லாம் அப்புறம்" என்றாள் டீச்சர்.

"எனக்கு டைம் இல்ல டீச்சர்."

"அது சூளைக்குத் தெரியாதே மாமா."

அவர் வாயை மூடிக்கொண்டு வில்லை வில்லையாகச் சுட்டார். சூளை ஆறித் திறக்கும் நாளில் வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறுவார். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் அங்கேதானே இருந்தாள்? அவள் ஜன்னலோரம் போய், வில்லையை மூக்கருகே பிடித்து, மிச்சமிருந்த பார்வைக்குள் அது வந்து விழும்வரை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள்.

முதல் வில்லைக்குப் பூச்சு நீர்த்துப்போய்ச் செம்மண் தெரிந்தது. "இதுக்குப் பேரு வெள்ளையா? துவைக்காத பனியன்" என்றாள். அடுத்ததில் கெட்டியாகப் பூசினார். அது சூட்டில் சுருண்டு திட்டுத் திட்டாக விலகிவிட்டது. "சொறி பிடிச்சிருக்குங்க இதுக்கு" என்றாள். அதற்கடுத்தது பரவாயில்லாமல் வந்திருக்கும். ஆனால் வகுப்பில் ஒரு பெண் தவளை பொம்மையாகவே செய்து தள்ளிக்கொண்டிருந்தாள், அவளுடைய பச்சைத் தவளை சூளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பச்சையில் இருக்கும் சத்து சூட்டில் ஆவியாகி வெள்ளையில் ஒட்டிக்கொள்ளும் என்று டீச்சர் அப்புறம்தான் சொன்னாள். வில்லை கன்னம் சிவந்த மாதிரி வந்தது. "ரோஸ் அடிக்குதே! யாரை லவ் பண்ணுது இது?" என்று தையல்காரி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஏச்சு குறைந்தது. "இது தேவலை" என்றாள் ஒருநாள். "நல்லா வந்திருக்குங்க" என்றாள் இன்னொரு நாள். எதையும் சொல்வதற்கு முன், "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அபிப்பிராயம் கேட்டு அறியாதவள்! டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை அடர்த்தியாக வரப் பூச்சில் வெள்ளீயத் தூளைக் கூட்டியதால் வந்த பலன், கை பழகியதால் வந்த பலன் என்று எண்ணிக்கொண்டார். அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். அது முன்பே இருந்த பழக்கம்தான்.

ஒருநாள் அப்பழுக்கில்லாத வெள்ளை வந்தது. டீச்சரே கை தட்டினாள். வீட்டில் தையல்காரி அந்த வில்லையை விரலால் நெடுநேரம் தடவினாள். "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். "நீ சொல்லுவியே, பால் வெள்ளை, அது" என்றார். "அதேதான்" என்றாள்.

உடனே கோப்பையை வனைந்தார். ஈரமண் காதுக்குள் அவள் நாலு விரலை விட்டு அளவு பார்த்தாயிற்று. முதல் சூடும் முடிந்தது. கிளேஸ் முக்குகிற அன்று அலமாரியில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்றில் அவருடைய வெள்ளை. மற்றதில் மண்ணின் நிறத்தை அப்படியே காட்டும் வெறும் கண்ணாடிப் பூச்சு. சுடுவதற்கு முன் இரண்டும் ஒன்றுபோல் மோர் மாதிரிதான் இருக்கும். சீட்டு ஒட்டியிருந்தது மூடியில். தவளைப் பெண் நல்ல எண்ணத்தில் மூடிகளைக் கழுவி மாற்றி வைத்துவிட்டாள். முக்குவதற்கு முன் ஒரு வில்லையை நனைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்றாள் டீச்சர். இன்னொரு சூடு வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி முக்கிவிட்டார்.

சூளையைத் திறந்தபோது கோப்பை உள்ளும் புறமும் கரும்பழுப்பாகப் பளபளத்தது. தவளைப் பெண் அழுதே விட்டாள். "விடும்மா, இன்னொண்ணு செஞ்சா போச்சு" என்று டிரைவர் அவளைத் தேற்றினார். அவருக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்காரி கிழிகிழி என்று கிழிக்கப்போகிறாள். ரொம்ப நாளாகத் திட்டு வாங்காத ஏக்கம்கூட இருந்தது என்று வையுங்களேன். காதாவது சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவள் கெட்டிலில் டீயைப் போட்டு வைத்துக்கொண்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். கோப்பையை அவள் கையில் வைத்தார். நாலு விரலும் காதுக்குள் பாந்தமாகப் போய் உட்கார்ந்தன. நம்ம லட்சணத்தைப் பார்த்தியா என்று கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அவள் கோப்பையை முகத்தருகே தூக்கி, தலையைச் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா! என்ன வெள்ளைங்க! இதுல டீ ஊத்தினா கோடு போட்ட மாதிரி தெரியும்" என்றாள்.

கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. அவர் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பலேருந்து?" என்றார்.

"என்ன எப்பலேருந்து?"

"அது வெள்ளை இல்லம்மா. பழுப்பு. தப்பான வாளியில முக்கிட்டேன்."

அவள் சிரிப்பு மெல்ல இறங்கியது. மேஜையைத் தடவி, இடம் பார்த்து, கோப்பையை வைத்தாள்.

"ரோஸா ஒண்ணு வந்துச்சே, அதுதான் கடைசி" என்றாள். "அப்புறம் வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வகுப்பை விட்டிருப்பீங்க. ரிட்டயர் ஆகி இந்தச் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தீங்களே, எனக்குப் பயமா இருந்துச்சு. மண்ணைத் தொட்டப்புறம்தான் வாயைத் திறந்து பேசவே ஆரம்பிச்சீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

தேவலை என்றது, நல்லா வந்திருக்கு என்றது, அதேதான் என்றது எல்லாம் அவர் காதில் மறுபடி ஒலித்தன. கை பழகிவிட்டது என்று மார் தட்டிக்கொண்டாரே! அவர் வெள்ளை தேறத் தேற அவள் கண் இருண்டுகொண்டே போயிருக்கிறது. தேறிய வெள்ளையை அவள் பார்க்கவே இல்லை. எத்தனையோ பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனிதர், பக்கத்தில் இருந்தவளுக்கு நேர்ந்ததைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அவள் எட்டி அவர் தோளைத் தேடித் தொட்டாள். அவளும்தான் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டீ ஆறுதுங்க. எனக்குன்னு செஞ்ச கப்பு, அதுலயே ஊத்துங்க" என்றாள்.

அவர் கெட்டிலை எடுத்துச் சாய்த்தார். டீயும் கறுப்பு, கோப்பையும் கறுப்பு மாதிரிதான். கண்ணில் வேறு நீர் மறைத்தது. எதுவரை ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும்ங்க" என்றாள் அவள், டீ விழும் சத்தத்துக்குக் காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. "நிரம்பிடுச்சு."