மூன்று தடவை பிரித்த எஞ்சின்

யுத்தம் நடந்த வருஷங்களில் தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் ஃபிட்டராக இருந்தேன். கிணற்று உவர்நீரை எண்ணெய் எஞ்சின் வைத்து இறைத்துப் பாத்திகளுக்கு விடுவார்கள். ஒரு கோடையில், காலையில் ஒழுங்காக வந்த தண்ணீர், மதியத்துக்கு மேல், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது.

எஞ்சினைப் பிரித்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். இரண்டு நாள் பாகம் பாகமாகத் துடைத்துப் பூட்டி ஓட்டினால் தண்ணீர் கொட்டியது. முதலாளி என் கைராசியைப் புகழ்ந்தார். மறுநாள் மதியம் மறுபடி நின்றது. மறுபடி பிரித்தேன், மறுபடி கொட்டியது, மறுபடி நின்றது. நல்ல சாமான் கிடைக்கவில்லை என்று யுத்தத்தைத் திட்டினேன்.

மூன்றாவது தடவை பூட்டி முடித்தபோது, உப்பு வாரும் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணாச்சி, நீங்க பிரிச்சுப் போட்ட ரெண்டு நாளும் யாரும் தண்ணி இறைக்கல. கெணத்துல ஊறிட்டு. பொறவு கொட்டாம என்ன செய்யும்?”

எஞ்சினைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று சிடுசிடுத்தேன். மறுநாள் மதியம் தண்ணீர் நின்றதும், யாரும் பார்க்காத நேரமாகக் கிணற்றை மூடியிருந்த பலகையை விலக்கிப் பார்த்தேன். குழாயின் வாய் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு முழக் குழாயைச் சேர்த்து இறக்கினேன். அரைமணி வேலை. அதன்பின் தண்ணீர் நிற்கவில்லை. எஞ்சின்தான் இருமத் தொடங்கியது. நன்றாக இருந்த எஞ்சினை மூன்று தடவை பிரித்தால் இருமாமல் என்ன செய்யும்?