கூடாதக்காவின் நோயாளி

அந்த வெல்டர் பெண்ணை ஊரே ‘கூடாதக்கா’ என்றுதான் கூப்பிடும். எந்தப் பேச்சையும் ‘கூடாது’ என்றே முடிப்பாள். வீட்டில் கணவர் வெந்நீர் போட அடுப்பை நெருங்கினால் சட்டைக் கை, ஜன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் சோதிப்பாள். மனிதர் அலுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடுவார்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக் கொதிகலனில் விரிசல் விட்டபோது அவளைத்தான் அழைத்தார்கள். பழைய வார்ப்பிரும்பு. மின்சாரத்தை நிறுத்தி, யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சைப் பூட்டினாள். தண்ணீரை முழுக்க வடித்து, உள்ளே ஆவி அடைபடாதபடி வால்வுகளைத் திறந்துவைத்தாள். மெல்லச் சூடேற்றி, விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து ஒட்டினாள். வார்ப்பிரும்பு சட்டென்று ஆறினால் மறுபடி பிளந்துகொள்ளும். அதனால் தீப்பிடிக்காத கம்பளியால் தலைமுதல் கால்வரை போர்த்திவிட்டு, வாசலில் பலகை மாட்டினாள்: ‘தொடக்கூடாது. காற்று படக்கூடாது. தண்ணீர் காட்டக்கூடாது.’

சித்தப்பாவைப் பார்க்க வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் வார்டுக்கு வழி தவறி அங்கே வந்து சேர்ந்தார். பலகையைப் படித்து, உள்ளே போர்த்திக் கிடந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“எப்படிம்மா இருக்காரு?”

“விரிசல் பெருசுதான். ஒட்டியிருக்கேன்.”

“ஒட்டி... எங்கே?”

“அடிவயித்துல. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்னாங்க. நான்தான் விடல.”

“ஒரு வாய் தண்ணியாவது...”

“குடுத்தா வெடிச்சிரும்.”

சித்தப்பா கோபக்காரர் என்று அவருக்குத் தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது. அப்போது கம்பளிக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“சித்தப்பா!” என்று பாய்ந்தார்.

தீயணைப்பானைக் குறுக்கே நீட்டி மறித்தாள். “கட்டிப்பிடிக்கக் கூடாது! சூடு இறங்குற சத்தம் அது. பாய்லருங்க இது!”

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனாலும் போகவில்லை. ஆறும்வரை பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும் என்பது விதி. காவலுக்கு நின்ற சலவைக்காரரோ டீ குடிக்கப் போனவர் போனவர்தான்.

“மேல போனா சித்தப்பா திட்டுவாரு. இது திட்டாது” என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் சித்தப்பாவே குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தேடி வந்தார். “எங்கடா போய்த் தொலைஞ்ச? யாருடா இது?”

“மெதுவாப் பேசுங்க சித்தப்பா. நாளைக்குத்தான் தண்ணி குடுப்பாங்களாம்.”

சித்தப்பா குரலைத் தாழ்த்தி, “பாவம்” என்றார்.

மறுநாள் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கூடாதக்கா கம்பளியை மடித்துக்கொண்டு கிளம்பினாள். சித்தப்பாதான் வார்டு முழுக்க, “பிழைச்சுக்கிச்சு!” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.