வலையும் நிறைந்தது, வகுப்பும் நிறைந்தது

என் மனைவி எஸ்தர் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. பரீட்சையில் தவறிவிட்டாள் என்று கடிதம் வந்த நாளிலிருந்து இதைச் சொல்லத் தொடங்குகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் இது சாட்சி ஆகாது. அதையும் சொல்கிறேன்.

அது மே மாதக் கடைசி. சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். கடிதத்தை அவள்தான் பிரித்தாள். எழுதும் பரீட்சை எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டும் பரீட்சையில் மட்டும் போய்விட்டது. அவள் அழவில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த சோற்றை வடிக்கப் போனாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவள் வேலை பார்த்தது எங்கள் சபை நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில். மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் பஸ் ஏறிப் பாரிமுனைப் பக்கம் போக வேண்டும். காசிமேட்டுக் கரையில் இருக்கிற தாய் தகப்பன்மார் வயசுக்கு வந்த பெண்ணை பஸ்ஸில் அனுப்ப மாட்டார்கள். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றுவிடும். எத்தனையோ வருஷம் மனுப் போட்டு, அந்த ஜூனில்தான் நான்காம் பாரம் திறக்க உத்தரவு கிடைத்தது. பத்தொன்பது பெண்கள் சேர்ந்தார்கள். ஆனால் உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. அடுத்த ஜூனுக்குள் பி.ஏ., பி.டி. இரண்டும் பெற்ற ஒருவர் தலைமை ஆசிரியை நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்காம் பாரத்தை மூடிவிட வேண்டும். பி.டி. படித்த அம்மாமார் யாரும் எங்கள் மீன் கரைக்கு வேலைக்கு வர விரும்பவில்லை. பள்ளியில் பி.ஏ. படித்தவள் எஸ்தர் ஒருத்திதான். ஆக, அந்தப் பத்தொன்பது பேர் படிப்பும் அவள் பரீட்சையில் தொங்கியது.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு. துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன். கல்யாணத்தின்போது எஸ்தர் இன்டர்மீடியட். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாக பி.ஏ. எழுதினாள். அது வரைக்கும் நான் பொறுத்தேன். அப்புறம் ஒரு வருஷம் டிரெயினிங் காலேஜ் போனாள். காலை ஆறு மணிக்கு பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இருட்டினபின்தான் வருவாள். எங்கள் ஆறு வயசுப் பெண்ணுக்குத் தலை வாரி, கஞ்சி வைத்து, பள்ளிக்கு அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. துறைமுகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்கு 'டீச்சரம்மா வூட்டுக்காரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வின்ச் மேலே ஏறும்போது கீழே இருந்து, "டீச்சரம்மா வூட்டுக்காரே, இன்னிக்கு இன்னா பாடம்?" என்று ஒருவன் கேட்பான், எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த எரிச்சலில் நான் முழங்கால் போட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, இவள் படிப்பு இதோடு நிற்கட்டும், இவள் வீட்டோடு இருக்கட்டும் என்று. பல நாள் ஜெபித்தேன். பாடம் நடத்தும் பரீட்சை அன்று காலையில் கஞ்சியில் உப்பு இல்லை என்று ஆரம்பித்து, அவள் மனசு உடைகிற மாதிரிப் பேசினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். வகுப்பில் நின்றதும் பேச்சே வரவில்லையாம். பிறகுதான் தெரிந்தது.

கடிதம் வந்து மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காவது நாள் அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜெபித்ததையும் சேர்த்து. அவள் கேட்டாள்:

"சரி. அப்போ இனிமே என்ன கேட்டு ஜெபம் பண்ணப்போறீங்க?"

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அன்றைக்கே தீர்மானம் பண்ணினோம். தவறியவர்கள் அடுத்த மார்ச்சில் தாங்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே மறுபடி பாடம் நடத்திக் காட்டலாம். அது வரைக்கும் தினம் விடியற்காலையில் இருவரும் சேர்ந்து முழங்கால் போடுவது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான் மாணவன், அவள் டீச்சர். கடற்காற்றும் நிலக்காற்றும் என்பது அவள் எடுத்துக்கொண்ட பாடம். நான் தரையில் சப்பணம் போட்டு உட்காருவேன். என் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாகப் பதில் சொன்னால் என் முட்டியில் தட்டுவாள். முப்பத்தைந்து வயசில் துறைமுகத்துக் காற்று எதனால் திரும்புகிறது என்று நான் கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு விண்ணப்பத் தாள் வந்தது. பரீட்சைக்கு மூன்று தேதி கொடுத்து, ஒன்றைக் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் நேரம், அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. தேதிகளைப் பார்க்காமலே, மூன்றில் எது என்றாலும் சரி, நீங்களே குறித்துத் தபாலில் போட்டுவிடுங்கள் என்றாள். அதில் ஒன்று திங்கட்கிழமை. திருவிருந்து ஆராதனைக்கு மறுநாள். பந்தியில் சேர்ந்துவிட்டுப் போனால் ஆசீர்வாதமாக இருக்குமே என்று திங்கட்கிழமையைக் குறித்தேன்.

பதில் வந்தபோது அதை வாசித்த அவள் முகம் வெளுத்துவிட்டது.

"திங்கட்கிழமையா போட்டீங்க?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். எங்கள் கரையில் மாதா கோயிலுக்குப் போகிற வலைக்காரர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வலை இறக்குவதில்லை. அதனால் திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாக் கரைவலையும் ஒரே நேரத்தில் இறங்கும். ஆண்கள் கயிறு இழுப்பார்கள். பெண்கள் கூடையில் மீன் சுமந்து மணலில் கொட்டிப் பரப்புவார்கள். கூடை சுமந்த வீட்டுக்குத்தான் மீனில் பங்கு. நான்காம் பாரத்துப் பெண்கள் எல்லாரும் திங்கட்கிழமை அங்கேதான் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. மூன்று தெரு தள்ளி இத்தனை வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்து ஆள் என்ற மிதப்பில் நான் அந்தக் கரைப் பக்கம் போனதே இல்லை.

தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால்தான் பரீட்சை எடுப்பார்கள். எஸ்தர் சனிக்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பாடு இல்லையென்றால் அனுப்புகிறோம் டீச்சர் என்றார்கள். மீன் விழாவிட்டால் அனுப்புவார்களாம். விழுந்தால் இல்லை.

ஞாயிறு மாலை நான் தனியாக ஜெபிக்க உட்கார்ந்தேன். வலை வெறுமையாக வரட்டும் என்று கேட்டால் காரியம் முடிந்தது. ஆனால் ஒரு முறை இன்னொருவருக்குக் கெடுதல் கேட்டு, அதன் பலனை என் வீட்டிலேயே கண்டவன் நான். என் நாக்கு எழவில்லை. கடைசியில், ஆண்டவரே, அவர்கள் வலையும் நிறையட்டும், இவள் வகுப்பும் நிறையட்டும் என்று கேட்டேன். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை விடியும்போதே, வேலைக்குப் போகாமல் கரைக்குப் போனேன். பாதி ஜெபம் கண் முன்னால் பலித்திருந்தது. அப்படி ஒரு நெத்திலியை நான் பார்த்ததில்லை. வலை கரைக்கு வரும்போது தண்ணீரே வெள்ளியாக இருந்தது. நான்காம் பாரத்துப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அங்கே கன்னியம்மா என்று ஓர் அம்மாள். அவர்தான் ஏலம் கூறி, பங்கு பிரிப்பவர். அவர் சொன்னால் கரையில் எதிர்ப்பேச்சு இல்லை. அவரிடம் போய்க் கை கூப்பி, இன்று ஒரு நாள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ டீச்சரம்மா வூட்டுக்காருதான? பள்ளிக்கூடம் நாளிக்கும் கீது நைனா. நெத்திலி நாளிக்கி கீதா? வெயிலு ஏறிச்சுன்னா அத்தினியும் கலீஜாப் பூடும். புள்ளைங்கள இட்டுகினு போய்ட்டா கூடைய யாரு தூக்குவா, நீ தூக்குறியா?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அது துறைமுகத்தில் கேட்ட அதே சிரிப்பு. நான் பழைய ஞானமுத்துவாக இருந்தால் திரும்பி நடந்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் வேறு மாதிரி விழுந்தது. உதவிக்கு யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டு வந்தேன், என் இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று தோன்றியது.

சட்டையைக் கழற்றினேன். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு பெண்ணின் கையில் இருந்த கூடையை வாங்கிக்கொண்டேன். "நீ போம்மா, முகம் கழுவிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு. இந்தக் கூடை உங்க வீட்டுக் கணக்கு" என்றேன். அவள் கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா ஏலம் கூறத் திரும்பிக்கொண்டார். அவள் ஓடினாள்.

ஆனால் ஒரு கூடைக்கு ஒரு பெண்தானே? நான் ஒருவன் எத்தனை பேரை அனுப்ப முடியும்? மீன் தண்ணீர் காதிலும் கழுத்திலும் ஒழுக, மூன்று நடை சுமந்தேன். அந்த நேரத்தில் நான் ஜெபித்த ஜெபத்தில் வார்த்தையே இல்லை. வெறும் மூச்சுதான்.

நான்காவது நடையில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

"இன்னா தோஸ்து, டூட்டி மாறிக்கினியா?"

திரும்பினால் மஸ்தான் பாய். தண்டையார்பேட்டைக்காரர், என் வின்ச்சுக்குக் கீழே வேலை செய்யும் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர் பின்னால் கூட்டம் முழுக்க நின்றது. நாங்கள் சரக்கு இறக்கும் துறையில் நின்ற கப்பலுக்கு மெஷின் கோளாறு, அது நகரவில்லை. அதனால் புதுக் கப்பல் உள்ளே வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் வாருங்கள் என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் தகவல் சொல்ல வீட்டுக்குப் போய், அங்கே நான் இல்லாததால் கரைக்குத் தேடி வந்திருக்கிறார்கள். அத்தனை வருஷ வேலையில் வந்தவர்களை அப்படித் திருப்பி அனுப்பிய நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

நான் கூடையை இறக்காமலே விஷயத்தைச் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மஸ்தான் பாய் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"என் பொண்ணும் மூணாம் பாரம்தான் படிச்சிகினு கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பதினேழு ஆண்கள் கூடையை வாங்கிக்கொண்டார்கள். இரும்பும் மூட்டையும் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு நெத்திலிக் கூடை ஒரு பாரமா? கன்னியம்மா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாங்கடி வேடிக்க? ஆம்பள தூக்குறான் இல்ல, போய்ப் படிங்கடி!" அந்தந்தக் கூடைக்கான பங்கை அந்தந்த வீட்டுக்கே வைத்தார். ஒரு பிடி குறையவில்லை.

பத்து மணிக்குப் பரீட்சை அதிகாரிகள் இருவர் வந்தார்கள். வகுப்பில் பதினெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு மட்டும் காய்ச்சல். எல்லார் மேலும் மீன் வாசனை. அதிகாரி அம்மா ஒருவர் மூக்கருகே கைக்குட்டையைக் கொண்டுபோனாராம். எஸ்தர் அதைப் பார்த்தாள். எழுதி வைத்திருந்த முதல் வரியை விட்டுவிட்டு, இன்று காலையில் வலை இழுத்தபோது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டாளாம். பதினெட்டுக் கைகளும் உயர்ந்தன. பாடம் முடிகிற நேரத்துக்குக் காற்று திரும்பி, கடல் பக்கத்து ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டதாம். கைக்குட்டை வைத்த அம்மாவே எழுந்து போய் அந்த ஜன்னலில் கை நீட்டிப் பார்த்தார் என்று எஸ்தர் சொன்னாள்.

மே மாதம் கடிதம் வந்தது. இந்த முறை என்னைப் பிரிக்கச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்து அந்த இங்கிலீஷ் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தேன். தேறியிருந்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன்.

ஜூனில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, திங்கட்கிழமை மட்டும் முதல் மணியைப் பதினோரு மணிக்கு அடிக்க மேலதிகாரியிடம் உத்தரவு வாங்கியது. அந்த நேரத்தைச் சனிக்கிழமை காலையில் ஈடு கட்டினார்கள். நான்காம் பாரம் ஐந்தானது, ஐந்து ஆறானது. மஸ்தான் பாய் மகளும் அங்கேயே படித்தாள்.

வின்ச்சில் ஏறும்போது இப்போதும் கீழிருந்து, டீச்சரம்மா வூட்டுக்காரே, இன்னா பாடம் என்று கேட்கிறார்கள். நான் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

இதை வாசிக்கிற சகோதரரே, சகோதரியே, உங்கள் வீட்டில் ஒருவர் மேலே ஏறுவது உங்களுக்குக் கசப்பாக இருந்தால், என்னைப் பார்த்துப் பயப்படுங்கள். வழி அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், என்னைப் பார்த்துத் தைரியம் கொள்ளுங்கள். ஒருவருக்கும் குறையாமல் எல்லாருக்கும் நிறைய வேண்டும் என்று பெரிதாகக் கேளுங்கள். அவர் தருவார். கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது மட்டும், சும்மாட்டுக்கு ஒரு துண்டை மறக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போங்கள்.