சிறைக்குக் கொண்டுபோன பேனா

அந்தக் கறுப்புப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சிறைக்கு நான்கு முறை போயிருக்கிறேன். மறியலில் கைதான என் மகனுக்கு உள்ளே இருமலும் மாலைக் காய்ச்சலும் கண்டிருந்தன. இனி இயக்கத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவதாகச் சொல்லித் தவணையும் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம், மூன்று சந்திப்பு; ஒவ்வொன்றிலும் கம்பிக்கு இப்பால் நின்று பேனாவை நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். நான்காம் முறை போனபோது தவணை முடிய இரண்டே நாள். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன், வாத்தியார் புத்தி.

வாசலில் வார்டர், "இந்த மாசத்துக்கு ஆயிடுச்சுங்களே. நேத்து ஒரு பெரியவர் வந்து பார்த்துட்டுப் போனாருங்க" என்றார். மாதத்துக்கு ஒரு சந்திப்புதான். கெஞ்சிப் பார்த்தேன். விதி என்று சொல்லிப் பதிவேட்டில் இருந்த பெயரைக் காட்டினார்.

பெரியவர் வேறு யாருமல்ல, என் அக்காவின் கணவர், அத்திம்பேர். நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"யாரைக் கேட்டுண்டு போனேள்?"

"கொழந்தையைப் பார்க்க யாரைடா கேக்கணும்? வாழைக்காய் வாங்க டவுனுக்குப் போனேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்."

"என்ன பேசினேள்?"

"எதுத்தாத்துப் பசு கன்னு போட்டதைச் சொன்னேன். உங்க அக்கா புளியோதரையிலே ரெண்டு தடவை உப்புப் போட்டாளே, அதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாண்டா."

"கையெழுத்தைப் பத்தி?"

"அதுவா? மறந்தே போச்சு."

தவணை போயிற்று. மகன் இன்னும் ஏழு மாதம் உள்ளே கிடந்தான். அந்த ஏழு மாதமும் அத்திம்பேர் ஒன்றும் நடக்காதவர்போல எங்கள் வீட்டுக்கு வந்து, காபியில் டிகாக்ஷன் போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் மகன் வேலைக்கு மனு எழுத உட்கார்ந்தான். மேஜைமேலிருந்த பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்திம்பேர் வந்தாரே, அன்னிக்கு ஒரு நாள்தாம்ப்பா யாரும் இதை எங்கிட்ட நீட்டலை" என்றான்.

நான்காம் முறை நீட்டியிருந்தால் வாங்கியிருப்பாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, அது அடங்கும்வரை நான் வைத்திருந்தேன். அத்திம்பேர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.